ஷோனா பெயர்ச்சொற்களோடு பழகுவது எப்படி?

'வருகிற வாரம்' என்பதற்கு, ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மக்கள் பேசும் ஷோனா மொழியில் 'வீக்கி ரினோஊயா'. 'வருகிற மாதம்' என்றால் 'ம்வேட்ஜி உனோஊயா'. ஊயா என்பதுதான் 'வா'. நாம் சொல்கிற மாதிரியே அவர்களும் 'வருகிற' என்றுதான் சொல்கிறார்கள், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாரம் வந்தால் ரினோ, மாதம் வந்தால் உனோ. ஒரே வருகை, இரண்டு தலைப்பாகை. ஏன்?

ஷோனாவில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதாவதொரு வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக்கென்று ஓர் அடையாள ஒலி உண்டு. வாக்கியத்தில் அந்தப் பெயரோடு சம்பந்தப்பட்ட வினை, அடைமொழி, எண், 'இந்த', 'என்' எல்லாம் அந்த ஒலியை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். வகுப்புகள் மொத்தம் இருபதை ஒட்டி. கேட்டவுடன் பயம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அன்றாடப் பேச்சுக்கு ஐந்து ஜோடி போதும். அவற்றைப் பிடிக்க இலக்கணப் புத்தகத்தின் எண் பட்டியல் தேவையில்லை, ஒரே ஒரு சொல் போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சரக்கு.

ஷோனா ஜிம்பாப்வேயில் பெரும்பாலோரின் தாய்மொழி. 2013-ம் ஆண்டு அரசியல் சட்டம் அங்கே ஏற்ற 16 மொழிகளில் ஒன்று. பக்கத்து மொசாம்பிக்கிலும் பேசுகிறார்கள். தலைநகர் ஹராரேயைச் சுற்றி ஜெஜூரு வழக்கு, மஸ்விங்கோ பக்கம் கரங்கா வழக்கு, கிழக்கே மன்யிகா என்று ஊருக்கு ஊர் மாறும். 1931-ல் கிளெமென்ட் டோக் என்ற மொழியியலாளர் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் பொது எழுத்து மொழி உருவானது. வகுப்பு ஏற்பாடு எல்லா வழக்கிலும் இருக்கிறது, ஆகவே எந்த ஊரில் தொடங்கினாலும் உழைப்பு வீண் போகாது.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷோனாவை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இங்கே தமிழில் எழுதுவதால் சில ஏற்பாடுகள்: சொல்லின் நடுவே எழுத்து இரட்டித்திருந்தால் அழுத்தமான வல்லொலி, இரட்டிக்காவிட்டால் மெலிந்த ஒலி. ச வரும் இடமெல்லாம் 'பச்சை'யில் வரும் ச்ச. ஜ என்றால் ஜிம்பாப்வேயின் ஜ. உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரத்தை 'உவ' என்று எழுதுகிறேன், வெறும் 'வ' வேறு. இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதைக் கீழே அப்பா விஷயத்தில் பார்ப்போம்.

முதல் படி: அவனையும் அவளையும் மூட்டை கட்டுங்கள்

'அனோஊயா' என்றால் வருகிறான். வருகிறாள் என்றாலும் அதேதான். ஷோனாவில் ஆண்பால் பெண்பால் கிடையாது. வருவது யார் என்று பேச்சின் போக்கிலிருந்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கை உடைந்த மாதிரி இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் மனிதருக்குத் தனி இடம் உண்டு. அந்த வகையில் தமிழருக்கு இது அந்நியமான யோசனையே இல்லை. 'பையன் வந்தான், பஸ் வந்தது' என்று வினையின் வாலில் நாம் உயர்திணை, அஃறிணை காட்டுகிறோம். அவர்கள் அதை வினையின் தலையில் காட்டுகிறார்கள். நாம் அஃறிணையை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். அவர்கள் அதைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு: நம்முடைய 'பெரிய' யாருக்கும் மாறாது. பெரிய மனிதர், பெரிய மரம், பெரிய கத்திகள். ஷோனாவில் அந்தச் சலுகை கிடையாது.

இரண்டாம் படி: ஒவ்வொரு சொல்லையும் 'என்' சேர்த்தே படியுங்கள்

'என்' என்பதன் அடிச்சொல் 'ங்கு'. தனியாக வராது, முன்னால் வகுப்பின் ஒலி ஒட்டிக்கொண்டுதான் வரும். பெயருக்குப் பின்னால் நிற்கும். கீழே உள்ள ஐந்து வரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒருமை முதலில், பன்மை அடுத்து.

குழந்தை: ம்வானா உவங்கு, வானா வங்கு
மரம்: முட்டி உவங்கு, மிட்டி யங்கு
பேருந்து: பாஜி ரங்கு, மபாஜி அங்கு
நாற்காலி: சிகரோ சங்கு, ஜ்விகரோ ஜ்வங்கு
கோழி: ஹுக்கு யங்கு, ஹுக்கு ட்ஜங்கு

இந்த ஐந்து ஜோடிதான் அடித்தளம். அகராதிகள் இவற்றுக்கு 1 முதல் 10 வரை எண் போட்டிருக்கும், ஒற்றைப்படை ஒருமை, இரட்டைப்படை பன்மை. வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானியர் 19-ம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த எண் முறை அது. தேடிப் பார்க்க உதவும், பேசும்போது உதவாது. சந்தையில் நின்றுகொண்டு 'கோழி ஒன்பதாம் வகுப்பு, பன்மை பத்தாம் வகுப்பு' என்று யோசித்தால் கோழி விற்றுத் தீர்ந்துவிடும்.

'என்' ஏன் முக்கியம்? பெயரைப் பார்த்து மட்டும் வகுப்பைச் சொல்ல முடியாது. ஹுக்கு, பாஜி இரண்டுக்கும் முன்னால் வெளிப்படையாக எந்த ஒட்டும் இல்லை. 'யங்கு', 'ரங்கு' என்று வந்தபிறகுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரிகிறது. கோழியைப் பாருங்கள்: ஒருமைக்கும் பன்மைக்கும் சொல்லே ஒன்று. என் கோழி ஒன்றா பத்தா என்பதை 'என்' தான் சொல்ல வேண்டும்.

'என்' மட்டும் தனியாக எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கும் மரத்துக்கும் ஒருமையில் 'உவங்கு' தான். அதனால்தான் பன்மையையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். வானா வங்கு, மிட்டி யங்கு என்று வந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். மரத்தைச் சொல்லும் 'முட்டி'க்கும் நம் முழங்காலுக்கும் சம்பந்தமில்லை. மருந்துக்கும் அதே சொல்தான். 'சங்கு'வை ஊதவும் வேண்டாம்.

பொருளை வைத்து வகுப்பை ஊகிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஓரளவுக்கு. மனிதர்கள் பெரும்பாலும் முதல் ஜோடி, மரங்கள் இரண்டாவது, கருவிகள் பல நான்காவது, விலங்குகள் பல ஐந்தாவது. ஆனால் 'நண்பர்' என்ற ஷம்வாரி கோழியின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது! என் நண்பர் 'ஷம்வாரி யங்கு', என் நண்பர்கள் 'ஷம்வாரி ட்ஜங்கு'. உறவினரைச் சொல்லும் ஹாமாவும் அப்படியே. நட்புக்கு அவமரியாதை ஒன்றுமில்லை, சொல்லின் வகுப்பு அப்படி. ஊகத்தை நம்புவதைவிட 'என்'னை நம்புங்கள்.

வெளியிலிருந்து வந்த சொற்கள் இந்த ஏற்பாட்டுக்குள் எப்படி நுழைகின்றன என்பது வேடிக்கை. ஸ்பூனும் ஸ்கூலும் ஸகரத்தில் தொடங்குவது நமக்கும் சங்கடம்தான். 'இஸ்கூல்' என்று முன்னால் ஒரு இகரத்தைப் போட்டுச் சமாளித்தோம். அவர்கள் அந்த ஸகரத்தையே 'சி' ஒட்டாக ஆக்கிவிட்டார்கள். ஸ்பூன் சிப்பூனு, பள்ளி சிக்கோரோ. 'சி' வந்துவிட்டால் நாற்காலி வகுப்பில் சேர்ந்தாயிற்று. பல ஸ்பூன் என்றால் ஜ்விப்பூனு, பல பள்ளி என்றால் ஜ்விக்கோரோ. 'ஜ்வி' என்று நான் எழுதுவதை உதட்டைக் குவித்து விசிலடிப்பது போலச் சொல்ல வேண்டும். உள்ளூர்க் குழந்தைகளிடம் கற்றுக்கொள்ளுங்கள், பெரியவர்கள் நம் உச்சரிப்பைப் பொறுத்துக்கொள்வார்கள், குழந்தைகள் விடமாட்டார்கள்.

மூன்றாம் படி: வினைக்குத் தலை வையுங்கள்

'என்' வந்துவிட்டால் வினை பாதி வந்த மாதிரி. நிகழ்காலத்துக்கு நடுவில் 'னோ' போட்டு, முன்னால் வகுப்பின் ஒலியைப் போடுங்கள். குழந்தை வருகிறது: ம்வானா அனோஊயா. குழந்தைகள்: வானா வனோஊயா. பேருந்து: பாஜி ரினோஊயா. ரயில் 'சிட்டிமா', எனவே சிட்டிமா சினோஊயா. பல ரயில்கள் ஜ்விட்டிமா ஜ்வினோஊயா. கார் மோட்டா, அது கோழி வகுப்பு: ஒன்று வந்தால் மோட்டா இனோஊயா, வரிசையாக வந்தால் மோட்டா ட்ஜினோஊயா.

இப்போது தொடக்கத்தில் பார்த்த வாரமும் மாதமும் விளங்கும். வீக்கி பேருந்தின் வகுப்பு, ஆகவே ரி. ம்வேட்ஜி மரத்தின் வகுப்பு, ஆகவே உ. ஆண்டு 'கோரே'. அதுவும் பேருந்துக் கூட்டம்தான், வருகிற ஆண்டு கோரே ரினோஊயா. ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. பேருந்துகள் பன்மையில் 'மபாஜி அனோஊயா'. ஓர் ஆள் வந்தாலும் அனோஊயா, பத்துப் பேருந்து வந்தாலும் அனோஊயா. பெயரைக் கவனிக்காமல் வினையை மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள்.

கத்தியும் நாற்காலியும் சேர்ந்து வந்தால் எந்த ஒலி? வகுப்பு கலந்த பொருள்களுக்கு 'ஜ்வி', மனிதர் கலந்து வந்தால் 'வ'. நாம் 'அவை', 'அவர்கள்' என்று ஒதுங்கிக்கொள்வது மாதிரி.

நான்காம் படி: பெரிய குருவும் குருவியும்

'பெரிய' என்பதன் அடி 'குரு'. குருவியில் வரும் அழுத்தமான கு. பெரிய ஆள் முன்ஹு முக்குரு, பெரிய ஆட்கள் வன்ஹு வக்குரு. பெரிய மரம் முட்டி முக்குரு, மரங்கள் மிட்டி மிக்குரு. பெரிய நாற்காலி சிகரோ சிக்குரு. கவனித்தீர்களா, இங்கே அடைமொழி பெயரின் முன்னொட்டையே அப்படியே எடுத்துக்கொள்கிறது. எதிரொலி மாதிரி. வினையில் மரத்துக்கு 'உ' என்றோம், அடைமொழியில் 'மு'. இந்த இரண்டு வரிசையையும் புதிதாக வருபவர்கள் ஒன்றாக்கிக் குழப்புவார்கள்.

பேருந்து வகுப்பில் ஒட்டு தெரியாது, ஆனால் அது வந்துபோன தடம் தெரியும். முதல் மெய் மெலிந்துவிடும். பெரிய கத்தி 'பங்கா குரு'. இது குருநாதரின் குரு, குருவியின் குரு அல்ல. பன்மையில் 'மப்பங்கா மக்குரு', மறுபடி குருவி திரும்பிவிடும். பங்காவின் பகரத்தையும் பாருங்கள்: ஒருமையில் 'பயம்' என்பதன் ப, பன்மையில் 'பல்' என்பதன் ப. கல்லும் அப்படி: ஒன்று டோம்போ, பல மட்டோம்போ. குரங்கினத்துப் பெரிய பபூன் ஒன்று குடோ, கூட்டமாக வந்தால் மக்குடோ. கோழி வகுப்பில் வேறு விளையாட்டு: பெரிய வீடு 'இம்பா ஹூரு', பெரிய வீடுகள் 'ட்ஜிம்பா ஹூரு'. ககரமே ஹகரமாகிவிட்டது.

எண்களும் இதே குணம். இரண்டு குழந்தைகள் வானா வவீரி, இரண்டு முட்டை மஜாய் மவீரி, இரண்டு கோழி ஹுக்கு ம்பீரி. மூன்றானால் வட்டாட்டு, மட்டாட்டு, கோழிக்கு மட்டும் ன்ஹாட்டு. இதை விதியாகப் படிக்காமல் கோழியும் முட்டையும் வாங்கிப் படிப்பதுதான் சுலபம். ஹராரேயில் ம்பாரே மூஸிக்கா சந்தை அதற்குத் தோதான இடம். 'இமரீ?' என்றால் என்ன விலை. அதற்கு முன்னால் 'இந்த' வேண்டும். இந்தக் கோழி ஹுக்கு ஈயி, இந்தக் கோழிகள் ஹுக்கு ஈட்ஜி, இந்தக் கத்தி பங்கா ஈரி, இந்த நாற்காலி சிகரோ ஈச்சி. 'மடொமாஸி ஆயா இமரீ?' என்று தக்காளியைக் காட்டிக் கேளுங்கள். விலை குறையுமோ குறையாதோ, ஒரு சிரிப்பு நிச்சயம்.

இரண்டு பெயர்களை 'உடைய' என்று இணைக்கும்போதும் வகுப்பொலி வரும். நாட்டின் பெயரிலேயே அது இருக்கிறது. ஜிம்பாப்வே என்பதைப் பொதுவாக 'ட்ஜிம்பா ட்ஜேமப்வே', கல் வீடுகள், என்று விளக்குவார்கள். வீடுகளுக்குரிய 'ட்ஜ', கற்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. மஸ்விங்கோவுக்குப் பக்கத்தில் உள்ள, 1986-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த, மாபெரும் கற்சுவர்களிலிருந்து வந்த பெயர் அது.

இன்னோர் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சிம்ஹுண்டு தலைமையில் தொகுத்த பெரிய ஷோனா அகராதி 2001-ல் வந்தது. அதன் பெயர் 'டுரமஜ்வி குரு ரேசிஷோனா'. டூரா என்றால் தானியக் குதிர், மஜ்வி என்றால் சொற்கள். சொற்களஞ்சியம்! நாம் வைத்த அதே பெயரை, ஒருவரையொருவர் கேட்காமல், அவர்களும் வைத்திருக்கிறார்கள். டூரா பேருந்து வகுப்பு. அதனால் 'பெரிய' குருநாதரின் குருவாக மெலிந்தது, 'ஷோனாவினுடைய' என்பதற்கு ரேகாரம் வந்தது. ஒரு புத்தக அட்டையில் இரண்டு பாடம்.

ஐந்தாம் படி: அப்பாவைப் பன்மையாக்குங்கள்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தியதைப் பார்த்து, படித்த இலக்கணத்தைக் காட்ட ஆசைப்பட்டு 'பாபா அஊயா' என்றேன். பாபா என்றால் அப்பா, அஊயா என்றால் ஓர் ஆள் வந்துவிட்டார். இலக்கணப்படி குற்றமில்லை. வீட்டிலிருந்த சிறுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னது 'அப்பா வந்துட்டான்'.

சரியானது 'பாபா வஊயா'. ஒருவரே வந்தாலும் பலருக்கான 'வ' போட வேண்டும். நம் 'வந்தார்' போல, பலர்பாலை மரியாதைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என் அப்பா 'பாபா வங்கு', என் அம்மா 'அமாய் வங்கு'. 'பாபா உவங்கு' என்று உதட்டைக் குவித்தால் மரியாதை போயிற்று. திருவாளர் மோயோ என்றால் வமோயோ. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பது மக்கடீ, 'எப்படி இருக்கே' என்பது உவக்கடீ. புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் மக்கடீ சொல்லிவிடுங்கள், அதிக மரியாதையால் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

கதைகளில் விலங்குகளுக்கும் இந்த உயர்வு கிடைக்கும். காட்டில் திரியும் குடோவுக்கு 'ரி' தான். ஆனால் முயல் த்ஸூரோவும் பபூன் குடோவும் பேசும் பாட்டி கதைகளில் அவை மனித வகுப்புக்கு ஏறிவிடும், வினையில் 'அ' வரும். நரி நரியார் ஆவது போல.

ஆறாம் படி: வகுப்பை மாற்றி விளையாடுங்கள்

அடித்தளம் உறுதியானபிறகு இதற்கு வாருங்கள். பையன் என்றால் முக்கோமானா. முன்னொட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் பையனின் உருவமே மாறும். கக்கோமானா சின்னப் பையன். சிக்கோமானா குட்டையாகக் கட்டுமஸ்தானவன். ருக்கோமானா ஒல்லியாக நெட்டையாக வளர்ந்தவன். ஜிகோமானா தடிப்பயல். நமக்கு நாலு அடைமொழி தேவைப்படும் இடத்தில் அவர்களுக்கு ஓர் அசை போதும். வினையும் கூடவே மாறும்: பையன் விளையாடுகிறான் என்பது 'முக்கோமானா அரி குட்டாம்பா', சின்னவன் என்றால் 'கக்கோமானா கரி குட்டாம்பா', தடியன் என்றால் 'ஜிகோமானா ரிரி குட்டாம்பா'.

சிரிப்பும் திட்டும் இதற்குள் இருக்கின்றன. எனவே யாரிடம் எந்த ஒட்டு என்பதில் கவனம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் குறித்த பழைய சொல் 'சிரேமா'. சி என்ற ஒட்டு அவர்களை நாற்காலிகளோடு நிறுத்துகிறது, அதை இழிவாகக் கருதுகிறார்கள். 'முன்ஹு அக்கரெமாரா' என்று 'ஆள்' என்ற சொல்லோடு தொடங்குவதே நல்லது.

ஏழாம் படி: இடத்துக்கும் வகுப்பு உண்டு

கடைசியாக வருவது நமக்கு விசித்திரமாக இருக்கும். 'இல்' வேற்றுமை போடும் இடத்தில் அவர்கள் வகுப்பு ஒட்டு போடுகிறார்கள்: மேலே அல்லது அருகே என்றால் 'ப', அந்தப் பக்கம் என்றால் 'கு', உள்ளே என்றால் 'மு'. போட்டதும் அந்த இடமே எழுவாயாகிவிடும். 'மூம்பா மூனே வன்ஹு', வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். நம் வினை ஆட்களோடு இயையும், அவர்கள் வினை 'உள்ளே'யோடு இயையும்: மூனேயில் உள்ள மு அதுதான்.

'குமூஷா' என்ற சொல்லை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். மூஷா என்றால் வீடு, குடியிருப்பு. குமூஷா என்றால் ஹராரேவாசிகளுக்குச் சொந்த கிராமம். விடுமுறைக்கு முந்தைய நாள் 'குமூஷா போகிறேன்' என்று சொல்லும்போது, அது சென்னைக்காரர் 'ஊருக்குப் போறேன்' என்பதேதான். எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

இனி ஒரு குறிப்பேடு வாங்கி, பக்கத்துக்கு இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒருமையும் அதன் 'என்'னும், வலப்பக்கம் பன்மையும் அதன் 'என்'னும். புதுச் சொல் கேட்டால் வெறுமனே எழுதாதீர்கள். சொன்னவரையே கேளுங்கள்: 'ஜ்வக்கஉவாண்டா டினோட்டி சீ?', நிறைய இருந்தால் என்ன சொல்வோம்? பன்மை கிடைக்கும். அப்புறம் நெஞ்சில் கைவைத்து அதையே 'என்'னோடு திருப்பிச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே. அந்தத் திருத்தத்தை அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.